வாவிக்கு முதுகு காட்டி உண்ட சோறு

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் சில பெண்கள் ஒரே மேசையில் கூடுவோம். வீட்டிலிருந்து கட்டிவந்த சோறு பாதி, செங்கலடிச் சந்தியில் வாங்கிய பார்சல் பாதி. பேச்சும் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியே போகும். ஒருநாள், பயணம் போன இடங்களில் சாப்பிட்டதில் எதை இன்னொரு தரம் சாப்பிட ஆசை என்று ஒருத்தி கேட்டாள். நுவரெலியாக் குளிரில் குடித்த கோழிச் சூப்பை ஒருத்தி சொன்னாள். கொழும்பு ரயிலில் கூடைக்காரரிடம் வாங்கிய இறால் வடையை இன்னொருத்தி சொன்னாள். "வடையில இறால் ஒண்டுதான் கா. ஆனா அந்த ஒண்டு!" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டபோது எல்லோரும் சிரித்தோம். என் முறை வந்ததும், வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் சுடச்சுடச் சாப்பிட்ட மீன் பொரியலையும் பாண் துண்டுகளையும் சொன்னேன்.

அது பொய்யில்லை. அந்தப் பொரியல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வியைக் கேட்டவுடன் என் வாயில் ஊறியது வேறொரு சாப்பாடு. அதைச் சொல்லப்போனால் அதனோடு வந்ததையும் சொல்ல வேண்டும். அது சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடியதல்ல.

மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் காலம். என் கணவரோடு வேலை செய்யும் ஒருவருக்குப் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்தில், வீடு. அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு சனிக்கிழமை காலை நாவற்குடாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். இடையில் வாவியைப் பாதையில் கடக்க வேண்டும். எஞ்சின் பூட்டிய பெரிய மிதவைத் தட்டு அது. ஆட்கள், சைக்கிள்கள், சில வேளை மாடுகள் எல்லாம் அதில்தான் ஏறும். அதைப் பாதை என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம்.

குழந்தையைப் பார்த்தோம், தூக்கினோம், கொண்டுபோன சட்டைகளைக் கொடுத்தோம். பிள்ளைப்பெற்ற வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நின்று கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் முடிந்தவுடன் எழும்பிவிட்டோம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று நினைப்பு.

துறைக்கு வந்தால் பாதை இல்லை. எதிர்க்கரையில் கட்டிக் கிடந்தது தூரத்தில் தெரிந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. துறையில் நின்ற ஒரே மருத மரத்துக்குக் கீழே ஒருவர் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு, மேலில் சட்டையில்லை.

"பாதை இப்ப வராது தம்பி," என்றார் என் கணவரைப் பார்த்து. "எஞ்சின் பழுதாம். ஆள் வந்து பார்த்துத்தான் விடுவாங்க. வெயில் சாயும்."

சுற்றிப்போகும் வழி உண்டு. ஆனால் அது தொலைவு, வண்டியில் எண்ணெயும் குறைவு. காத்திருப்போம் என்று நிழலில் நின்றோம். கொஞ்ச நேரம் போனதும் அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார்.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்பதை என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"வீடு இந்தாதான். வாங்க. இருக்கிறதத் திண்போம். பாதை இல்லாட்டி இஞ்ச நிக்கிற ஆக்கள் எங்கட வீட்டதான் சாப்பிடுற."

ஓலை வேலியில் ஒரு கடப்பு, அதுதான் வாசல். உள்ளே இரண்டு அறையுள்ள கல்வீடு, தகரக் கூரை, முன்னால் விறாந்தை. வீடு வாவியைப் பார்த்து நின்றது. முற்றம் சரிந்துபோய்த் தண்ணீரில் முடிந்தது. அங்கே ஒரு தோணி கட்டியிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் சேற்றில் வளரும் கண்ணா மரங்கள், வேரெல்லாம் வெளியே தெரிய.

அவருடைய மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உருண்டையான முகம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. முன்பின் தெரியாத இரண்டு பேர் திடீரென்று சாப்பாட்டுக்கு வந்து நிற்பது பற்றி அவருக்கு எந்தப் பதற்றமும் இல்லை. "கை கழுவுங்க புள்ள. தம்பி, அந்த வாளியில தண்ணி கிடக்கு," என்றார்.

விறாந்தையில் பாய் விரித்தார். நான் வாவியைப் பார்த்தபடி இருக்கப் போனேன், காற்று வருமென்று. அவர் என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். நாங்கள் நான்கு பேரும் சுவரைப் பார்த்தபடி ஒரே வரிசையில் இருந்தோம், முதுகு வாவிப் பக்கம். விருந்தாளியைச் சுவரைப் பார்க்க இருத்துவது எனக்குப் புதினமாக இருந்தது.

"ஒரு சொல் புள்ள," என்றார், பீங்கான்களை வைத்துக்கொண்டே. "சாப்பிட்டு முடியிற வரைக்கும் ஆர் கூப்பிட்டாலும் ஏனெண்டு கேக்கப்படா. எழும்பப்படா. பின்னால கிறுகியும் பார்க்கப்படா."

என் கணவர் சிரித்தார். "ஆரக்கா எங்களக் கூப்பிடப்போறாங்க? இந்தக் கரையில எங்களத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்ல."

"தெரியாத ஆக்கள் கூப்பிடுறல்ல தம்பி," என்றார் அவர். சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டார்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிவப்பரிசிச் சோறு, அந்த அக்காவின் தம்பியின் வயல் வட்டையில் விளைந்தது. அன்று விடியற்காலையில் பிடித்த கொடுவா மீனைப் பச்சை மிளகாய் போட்டுத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் வைத்திருந்தார். வாவி இறாலும் கத்தரிக்காயும் சேர்த்து வற்றவிட்ட கறி. மீன் சினைப் பொரியல், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பொருபொருப்பும். தேங்காய்ப்பூவோடு சுண்டிய முருங்கையிலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மண்சட்டி நிறையப் புளியாணம், ரசம் போல, மிளகும் பூண்டும் மிதக்க.

என் வீட்டிலும் நான் புளியாணம் வைக்கிறவள்தான். ஆனால் அது வேறு, இது வேறு. முதல் வாய் தொண்டையில் இறங்கும்போதே உடம்பில் இருந்த களைப்பு எல்லாம் விட்டுப்போனது. என் கணவர் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்காத மனிதர். அன்று கேட்காமலே பீங்கானை நீட்டினார்.

பேச்சு இல்லை. சாப்பிடும் சத்தம் மட்டும். கச்சான் காற்று காலையிலிருந்து தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது, அது எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை. ஒரு கட்டத்தில் காகச் சத்தமும் இல்லை, ஓலை வேலியின் சரசரப்பும் இல்லை என்று தோன்றியது. தோணியில் தண்ணீர் மோதும் சத்தம்கூட நின்றிருந்தது.

அப்போதுதான் கேட்டது.

"அக்கோ..."

என் முதுகுக்குப் பின்னால், கண்ணா மரங்களின் பக்கமிருந்து. உரத்துக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடப்படியில் நின்று, கையில் சுமையோடு, திறந்துவிடச் சொல்லிக் கூப்பிடும் குரல். கடைசி எழுத்தைச் சற்று இழுத்து, சலிப்போடு. உலகத்தில் அப்படி என்னைக் கூப்பிட்டவள் ஒருத்திதான். என் தங்கச்சி. சுனாமி அன்று கடல் அவளைக் கொண்டுபோனது. அவளுடைய உடல் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. கல்லறைத் திருநாட்களில் மற்றவர்கள் மெழுகுதிரி கொளுத்த ஒரு இடமிருக்கும், எங்கள் வீட்டாருக்கு அது இல்லை.

"அக்கோ..." மறுபடியும். இந்த முறை இன்னும் கிட்ட, முற்றத்தின் விளிம்பிலிருந்து.

கையிலிருந்த சோறு பீங்கானில் விழுந்தது. என் வாய் திறந்துகொண்டது எனக்குத் தெரியும். "என்னடி" என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வீட்டுக்கார அக்கா என்னைப் பார்க்காமலே ஒரு அகப்பைச் சோற்றை என் பீங்கானில் போட்டார். "சாப்பிடுங்க புள்ள," என்றார், ஒரு சாதாரணக் குரலில். நான் அந்தச் சோற்றை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணீர் ஓடியது. மென்றேன்.

பக்கத்தில் என் கணவரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் சரித்து என் வாயைப் பார்த்தார். நான் மெல்லுவதைப் பார்த்தார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. பிறகு குனிந்து, பீங்கானோடு முகம் சேர்ந்துவிடுமாப்போல வேகமாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்காரர் சோற்றை இறுக்கி இறுக்கி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. அவருடைய பீங்கானில் உருண்டைகள் வரிசையாக இருந்தன.

எவ்வளவு நேரம் என்று சொல்ல என்னால் முடியாது. தகரக் கூரை ஒருமுறை படபடத்தது. காற்று திரும்பியிருந்தது. வீட்டுக்காரர் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, "போயிற்று," என்றார்.

அதன்பிறகு எருமைத் தயிர் வந்தது, இனிப்புக்குக் கித்துள் பாணி விட்டு. கத்தியால் வெட்டும் அளவுக்குக் கெட்டியான தயிர். அந்த நடுக்கத்திலும் நான் அதை வழித்துச் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. பயமும் ருசியும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

கை கழுவிய பிறகுதான் கேட்டேன். "அது என்ன அக்கா?"

"என்னெண்டு எனக்கென்ன தெரியும் புள்ள? நாங்க இந்த வளவுக்கு வந்ததில இருந்து இரிக்கு. ஒவ்வொரு நாளும் இல்ல. ஆக்கள் ஒண்டாச் சேர்ந்து வயிறாரத் திண்டா அதுக்குப் பொறுக்குறல்ல போல. நீங்க எந்தக் குரலுக்கு எழும்புவீங்களோ அந்தக் குரலிலதான் கூப்பிடும்."

"எழும்பிப் போனா?"

"ஆர் எழும்பிப் பார்த்த?" என்று சிரித்தார். "எனக்கெண்டா கண்டுக்குட்டி கத்துறமாதிரிக் கேக்கும். சின்னதில ஒரு கண்டு வளர்த்தன். இவருக்கு என்ன கேக்குதெண்டு இவ்வளவு காலமும் எனக்கே சொன்னதில்ல."

வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்காதவர் போல.

"வேற இடத்துக்குப் போயிருக்கலாமே அக்கா," என்றேன்.

"எங்க போற? தோணி இஞ்ச. வலை இஞ்ச. பேசாம இரிந்து திண்டா ஒண்டும் செய்யாது. மறுகா என்ன?"

வெயில் சாய்ந்தபோது பாதை வந்தது. நாங்கள் இருவரும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாதை நடுவாவிக்கு வந்தது.

"தங்கச்சி கூப்பிட்டவ," என்றேன் நான் கடைசியில்.

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு நீ கூப்பிட்டாய்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உன்ட குரல்தான். 'இஞ்சாருங்க' எண்டு. பயந்து கூப்பிடுறமாதிரி, ஆரோ பிடிச்சுக்கொண்டு போறமாதிரி. நீ எனக்குப் பக்கத்தில இருந்து சோறு திண்டுகொண்டிருக்கிறாய், தண்ணிக்க இருந்து நீ கூப்பிடுறாய். நான் உன்ட வாயப் பார்த்தன். அது ஆடினது, ஆனா சத்தம் அங்கால இருந்து வந்தது." விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீ பக்கத்தில இல்லாட்டி நான் போயிருப்பன்," என்றார்.

வெயிலுக்குள் நின்றுகொண்டே எனக்குக் குளிர்ந்தது. திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு ஆசையாக ஒரு சொல் சொன்னது குறைவு. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அன்று பாதையில் வைத்துச் சொன்னதைவிடப் பெரிதாக இனியும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அன்றிரவு அவர் என்னைச் சமையலறைக்குத் தனியாகப் போக விடவில்லை. நானும் அவரைப் பெயர்சொல்லாமல் கூப்பிடும் அந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நாள் வாயில் எடுக்கவில்லை. கிட்டப் போய்க் கையைத் தொட்டுத்தான் பேசினேன்.

பயம் தெளிந்த பிறகு வந்தது ஆசை. முதலில் அது புளியாணத்தின் ஆசை என்றே நினைத்தேன். அந்த அக்கா செய்தது போலவே நானும் செய்து பார்த்தேன். மிளகைக் கூட்டினேன், குறைத்தேன், மண்சட்டி வாங்கினேன். வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சட்டி வைத்தேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கணவர் "நல்லாத்தான் இரிக்கு" என்றார், இது அந்தப் புளியாணம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகுதான் எனக்கே வெளிச்சமானது, நான் தேடியது மிளகை அல்ல என்று. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டாம். கேட்டால் போதும். அவளுடைய குரல் எனக்கு உள்ளுக்குள் மங்கிக்கொண்டே வந்திருந்தது, அந்த மத்தியானம் அது முழுசாகத் திரும்பியிருந்தது.

தை மாதம் மழை ஓய்ந்ததும், "ஒருக்காப் போவமா?" என்று கேட்டேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கிறிஸ்மஸ் கேக்கில் மிச்சமிருந்ததை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனோம்.

பாதை அன்று ஒழுங்காக ஓடியது. மருத மரத்தடியில் ஆளில்லை. கடப்பு திறந்திருந்தது. அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நெற்றியில் பொட்டு இல்லாததை நாங்கள் கண்டதை அவரும் கண்டார்.

"ஐப்பசியில போயிற்றார் புள்ள," என்றார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, படியில் இருந்து சொன்னார். "ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தம். எனக்கு ஒண்டும் கேக்கல்ல. சோத்துக் கையோட இவர் எழும்பினார். நான் வேட்டியப் பிடிச்சன். 'ஓம் அம்மா, வாறன்' எண்டார். அப்பதான் எனக்குத் தெரிஞ்ச, இவ்வளவு காலமும் அவருக்கு ஆர் கூப்பிட்டதெண்டு. என்னக் கிறுகியும் பார்க்கல்ல. நேராப் போய்த் தோணியில ஏறி இரிந்தார். நான் ஓடிப்போய்ப் பார்க்கக்குள்ள மூச்சு இல்ல. கையில சோறு காயவும் இல்ல."

"ஆசுபத்திரியில என்ன சொன்னாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"நெஞ்சு வருத்தமாம். இரிக்கும் தம்பி. காலையில இருந்து தோள் நோகுதெண்டுதான் சொன்னவர்."

நாங்கள் கேக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. "சாப்பிடாமப் போறதெண்டா ஏன் வந்தீங்க? மனிசர் வந்து திண்டு எவ்வளவு நாள்," என்று அடுப்பை மூட்டிவிட்டார். மீன் அவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் தேங்காய் துருவினேன். அவர் புளி கரைப்பதையும் மிளகு தட்டுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் செய்வதற்கும் அவர் செய்வதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பாய் விரித்து மூன்று பேரும் இருந்தோம், சுவரைப் பார்த்து. அவர் இந்த முறை எதுவும் சொல்லவில்லை. சோறு அதே சோறு. ஆணம் அதே ஆணம். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இதைத்தான் இத்தனை மாதமும் தேடினேன் என்று. கண் கலங்கச் சாப்பிட்டேன், சாப்பிட்டுக்கொண்டே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் இடது கையால் என் முந்தானையின் நுனியைப் பிடித்திருந்தார். வீட்டுக்கார அக்கா மிகவும் மெதுவாகச் சாப்பிட்டார், முடிந்துவிடக் கூடாது என்பதுபோல.

காற்று நிற்கவே இல்லை. காகங்கள் கத்தின. எதிர்க்கரையில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பீங்கான்களை அடுக்கும்போது அக்கா தணிந்த குரலில் கேட்டார். "கேட்டிச்சா புள்ள?"

"இல்லக்கா."

"எனக்கும் இல்ல." அவர் வாவிப் பக்கம் திரும்பி நின்றார். இப்போது திரும்பிப் பார்க்கலாம், சாப்பிட்டு முடிந்துவிட்டது. "இவர் போனதில இருந்து ஒண்டும் கூப்பிடல்ல. கண்டுக்குட்டியும் இல்ல. ஒவ்வொரு நாளும் ரெண்டு பேருக்கு ஆக்கி, ரெண்டு பீங்கான் வச்சுத்தான் திண்ணுறன். இனிக் கூப்பிட்டா இவர்ர குரலிலதானே கூப்பிடும் எண்டு."

நாவற்குடாவில் எங்களோடு வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்று கூப்பிட்டோம். தலையை ஆட்டி மறுத்தார். கேக் பெட்டியைக் கழுவி, அதில் மீன் பொரியல் வைத்து, ஒரு போத்தலில் புளியாணமும் ஊற்றித் தந்தார். கடப்பு வரைக்கும் வந்தார். "மெல்லமாப் போங்க," என்றார். நாங்கள் துறைக்குப் போய்ப் பாதையில் ஏறும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றது தெரிந்தது. எங்களைப் பார்க்கவில்லை, தோணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொழுதுபடும் நேரத்தில் வீட்டில் அந்தப் போத்தலைச் சூடாக்கி இரண்டு கோப்பைகளில் ஊற்றினேன். எங்கள் சமையலறைச் சன்னல் வாவிப் பக்கம்தான். நுளம்பு வந்து கடிக்கிறது, சாத்தட்டுமா என்று கணவர் கேட்டார்.

கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.